அபாய அறிவிப்பை அணைத்துவிடுவது தீர்வாகுமா? கணினிகளுக்கிடையிலான அடையாளச் சோதனை குறித்துச் சில விளக்கங்கள்

2021 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6 ஆம் திகதி சனிக்கிழமை காலை, இந்நாட்டில் ‘கூகுள் டொட் எல்கே’ என்ற இணைய முகவரியை நாடிச் சென்றவர்களில் ஒரு பகுதியினர் கூகுளின் பக்கத்தைக் காணவில்லை. தேயிலைத் தோட்டங்கள் சார்ந்த பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், சிறுபான்மை மக்களின் நிலை, அரசியல் ஊழல் என்பன பற்றிய வாசகங்கள் அடங்கிய வேறொரு பக்கமே அவர்களது திரையில் தோன்றியது. ஒராக்கிள் நிறுவனத்தின் இலங்கை முகவரிக்கும் அதே கதியே நேர்ந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரிப் பெருந்தோட்டப் பகுதிகளில் அடையாள வேலைநிறுத்தம் நடைபெற்று ஒருநாள்தான் கடந்திருந்தது என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டும். சில மணி நேரத்தில் நிலைமை சீர்செய்யப்பட்டது.

அக்கோரிக்கையின் நியாயம் குறித்து எமக்கு என்றுமே ஐயம் இருந்ததில்லை. 2021 மார்ச் மாதத்தில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அது பல ஆண்டுகள் பிந்தி வந்த ஆயிரம் ரூபாவாகவே இருந்தது. ஆயினும் நாம் இன்று ஆராய விரும்புவது அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்ததை அல்ல. மக்கள் அங்கு எவ்வாறு கொண்டு சேர்க்கப்பட்டனர் என்பதையே. முகவரியைத் தட்டச்சுச் செய்தவர் எழுத்துப் பிழை விடவில்லை. கூகுளின் கணினிகளுக்குள் எவரும் நுழையவும் இல்லை. ஒரு பெயரைக் கேட்டால் அதற்குரிய இடம் இதுவென்று சுட்டிக்காட்டும் இணையப் பதிவேட்டில் கைவைக்கப்பட்டிருந்தது. பெயர் சரி, இடம் பிழை. இவ்வளவே நடந்தது.

மலையகத்தவருக்கு இது புதியதோர் அனுபவம் அன்று. லிந்துலையிலோ அக்கரப்பத்தனையிலோ உள்ள தோட்டமொன்றில் வாழும் ஒருவருக்கு எழுதப்படும் கடிதம், நெடுங்காலமாக அவரது லயத்து வாசலுக்கு நேரே வந்ததில்லை. அது தோட்ட அலுவலகத்துக்குச் சென்று, அங்கிருந்து யார் கையிலேனும் கொடுத்தனுப்பப்பட்டு வந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். தோட்டத்துக்கோ பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர், சனங்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். அதற்குள்ளும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற பாகுபாடு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் பரீட்சை முடிந்த பின்னர் கையில் கிடைத்த இளைஞர்கள் எத்தனை பேர் என்பதை மலையகத்தின் எந்தத் தபாலகத்தைச் சூழ வாழ்வோரும் சொல்வர். பெயர் எழுதியிருப்பது ஒன்று, உரியவரிடம் சேர்வது வேறொன்று என்பதை இவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவ்வாறான குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர் யுவதிகள் இன்று கொழும்பிலும் கண்டியிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். 2020 ஆம் ஆண்டின் கொவிட் முடக்கத்துக்குப் பின்னர் வீட்டிலிருந்தவாறே மடிக்கணினியில் தொழில் செய்வோரும் அவர்களுள் உளர். அத்தொழிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் முதலாவது மாதத்திலேயே சந்திக்கக்கூடிய ஒரு பிழைச் செய்தி உண்டு. ‘ஹோஸ்ட் கீ வெரிபிகேஷன் பெயில்ட்’ என்பதே அது. நீ தொடர்புகொள்ளும் கணினியின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்பது அதன் பொருள். மூத்தவர் ஒருவரிடம் கேட்டால், ‘அந்தச் சோதனையை நிறுத்திவிடு, வேலை நடக்கும்’ என்ற பதில் கிடைப்பது சாதாரணம். வேலை நடக்கத்தான் செய்யும். ஆனால் எந்தக் கணினியுடன் நடக்கின்றது என்பது அதன்பின் எவருக்கும் தெரியாது. இச்செய்தி ஏன் தோன்றுகின்றது, அதனை எவ்வாறு முறையாகத் தீர்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

கணினியொன்றிலிருந்து தொலைவிலுள்ள இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான வழிமுறையே எஸ்.எஸ்.எச். என்பதாகும். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட சம்பவத்தின் எதிரொலியாக, அங்கிருந்த தாத்து யூலோனென் என்பவர் 1995 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். 1999 இல் வெளியான ‘ஓபன் எஸ்.எஸ்.எச்.’ என்ற இலவச வடிவமே இன்று உலகின் பெரும்பாலான சேர்வர்களில் இயங்குகின்றது.

இதில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஓர் அடையாளச் சாவி உண்டு. உண்மையில் அது ஒரு சோடிச் சாவி. தனிச்சாவி சேர்வரை விட்டு வெளியேறாது. பொதுச்சாவியை எவரும் அறியலாம். அப்பொதுச்சாவியைச் சுருக்கிப் பெறப்படும் சிறிய எழுத்துத் தொடரை விரலடையாளம் என்பர். சம்பளத் துண்டில் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இச்சொல் அந்நியமாக இராது. முதன்முறை ஒரு சேர்வருடன் தொடர்பு ஏற்படும்போது, ‘இதன் விரலடையாளம் இது, இவரை நான் முன்பு கண்டதில்லை, தொடரலாமா?’ என்று மென்பொருள் கேட்கும். ஆம் என்றால் அச்சாவியை ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ எனப்படும் அறிமுகக் கோப்பில் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை வேறொரு சாவி காட்டப்பட்டால் வாசலிலேயே நின்றுவிடும்.

அடையாளச் சோதனை என்ற சொல்லே எமது மக்களுக்குக் கசப்பானது. 1948 இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியோருக்கும் கிட்டியது. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்காகச் சோதனைச் சாவடிகளில் தடுத்துவைக்கப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகள் பலர். எனவே சோதனை என்றதும் அதனைத் தவிர்க்க நினைப்பது இயல்பே. ஆனால் எஸ்.எஸ்.எச். செய்யும் சோதனை நேர்மாறானது. இங்கு உள்ளே போக விரும்புபவரின் அட்டை பின்னர்தான் பார்க்கப்படும். முதலில் சாவடியே தனது அட்டையைக் காட்ட வேண்டும். நான் யாரிடம் எனது பொருளை ஒப்படைக்கின்றேன் என்று கேட்கும் உரிமை வருபவருக்கு வழங்கப்பட்டுள்ளது. அச்சோதனையை அணைத்துவிடுபவர் விட்டுக்கொடுப்பது தனது உரிமையையே.

இனி, ‘பில்ட் சேர்வர்’ எனப்படும் தானியங்கிக் கணினிகளிடம் வருவோம். நிரலாளர்கள் எழுதும் மூல நிரல்களை ஒரு களஞ்சியத்திலிருந்து எடுத்து, இணைத்து, பரிசோதித்து, பாவனைக்குரிய மென்பொருளாக்கி, வாடிக்கையாளருக்குச் சேவை வழங்கும் சேர்வர்களுக்கு அனுப்பிவைப்பது இவற்றின் பணி. தேயிலைத் தொழிற்சாலையுடன் ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கொழுந்து லொறியில் வந்திறங்குகின்றது. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல், தரம்பிரித்தல் என ஒவ்வொரு கட்டமாக நடந்து, பெட்டியில் தொழிற்சாலையின் பெயர் பொறிக்கப்பட்டு வெளியே போகின்றது. இரவு இரண்டு மணிக்கும் வேலை நடக்கும். வேறுபாடு என்னவெனில், பில்ட் சேர்வரில் வாசற்காவலரும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. ஜப்பானியரான கோசுகே கவாகுச்சி ஆரம்பித்து, 2011 முதல் ‘ஜென்கின்ஸ்’ என்ற பெயரில் வழங்கும் மென்பொருள் இத்துறையில் மிகப் பரவலானது. அது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவைகள் பிற கணினிகளுடன் தானாகவே தொடர்புகொள்ளக்கூடும். எஸ்.எஸ்.எச். கேட்கும் ‘தொடரலாமா?’ என்ற வினாவுக்கு ஆம் என்று சொல்ல அங்கே மனிதர் எவரும் இல்லை. விடை கிடைக்காத மென்பொருள் பிழைச் செய்தியை எழுதிவிட்டு நின்றுவிடுகின்றது.

கொழுந்தை இறக்கிய லொறி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பாராமல் அரைத்தால், கெட்டுப்போவது அந்தத் தொழிற்சாலையின் பெயர்தான். 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் நிகழ்ந்தது ஏறத்தாழ அதுவே. அந்நிறுவனத்தின் மென்பொருள் கட்டப்படும் கணினியிலேயே தீய நிரல் புகுத்தப்பட்டு, நிறுவனத்தின் சொந்த முத்திரையுடன் சுமார் 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. அங்கு புகுந்த வழி எஸ்.எஸ்.எச். அடையாளச் சாவி அன்று என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். எனினும் பில்ட் சேர்வர் ஒன்றின் மீது கைவைத்தால் பாதிப்பு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு அதனைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

பிழைச் செய்தி தோன்றுவதற்கான காரணங்களுள் மிகச் சாதாரணமானதும், புதியவரை மிகவும் குழப்புவதும் ஒன்றுண்டு. நிர்வாகி தனது பெயரில் பில்ட் சேர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து மற்றைய சேர்வருடன் தொடர்புகொண்டு பார்க்கின்றார். தங்குதடையின்றி வேலை செய்கின்றது. ஆனால் ஜென்கின்ஸ் அதே தொடர்பை ஏற்படுத்தினால் தோல்வி. இயந்திரத்துக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். விடயம் இதுதான். அறிமுகக் கோப்பு இயந்திரத்துக்கு ஒன்று அல்ல, பயனர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. நிர்வாகி ஆம் என்று சொன்னது அவரது கோப்பிலேயே எழுதப்பட்டது. ஜென்கின்ஸ் இயங்குவதோ அதற்கெனவுள்ள தனிப் பயனர் கணக்கில். மேற்பிரிவின் செக்ரோலில் விழுந்த பேரைக் கீழ்ப்பிரிவுக் கணக்கப்பிள்ளை அறியார் அல்லவா? ஆகவே சாவியை அந்தத் தனிப் பயனரின் கோப்பிலோ, இயந்திரத்தின் எல்லாப் பயனருக்கும் பொதுவான அறிமுகக் கோப்பிலோ பதிவுசெய்ய வேண்டும். கோப்பை நிர்வாகியின் உரிமையில் உருவாக்கிவிட்டு, தனிப் பயனர் அதனைப் படிக்க இயலாதவாறு விட்டுவிடுவதும் உண்டு. அதனையும் பார்த்துக்கொள்வது நல்லது.

டொக்கர் போன்ற கொள்கலன் முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புதிய தற்காலிகச் சூழல் உருவாகி, வேலை முடிந்ததும் அழிந்துபோகின்றது. அத்துடன் அறிமுகக் கோப்பும் அழிந்துவிடும். அங்கே ஒவ்வொரு சந்திப்பும் முதற் சந்திப்பே. கொள்கலனை உருவாக்கும்போதே சரிபார்க்கப்பட்ட சாவிகளை அதற்குள் வைத்துவிடுவதுதான் வழி.

அடுத்தது, நாம் மேலே கூறிய தோட்டப் பெயர்ச் சிக்கல். ஒரே சேர்வரை முழுப்பெயராலும் அழைக்கலாம், சுருக்கப் பெயராலும் அழைக்கலாம், எண் முகவரியாலும் அழைக்கலாம். வழமையான 22 ஆம் இலக்க வாயிலுக்குப் பதிலாக வேறு வாயில் வைத்திருந்தால் அந்த இலக்கமும் பெயரின் ஒரு பகுதியாகவே பதியப்படும். முழுப்பெயரில் பதிந்துவிட்டு எண் முகவரியில் அழைத்தால், முன்பின் தெரியாதவர் என்றே மென்பொருள் கொள்ளும். எந்தப் பெயரில் வேலைக் கட்டளை எழுதப்பட்டுள்ளதோ அதே பெயரில் பதிவு இருக்க வேண்டும். பதிவு இருக்கின்றதா என்று கண்ணால் தேடிப் பார்த்துப் பயனில்லை. உபுண்டு போன்ற அமைப்புகளில் பெயர்கள் மறைகுறியாக்கி எழுதப்படுவதால் கோப்பில் பெயரே தென்படாது. எஸ்.எஸ்.எச். கீஜென் என்ற கருவியிடம் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னால் அது கண்டுபிடித்துத் தரும்.

சாவி வகைகளும் சில வேளைகளில் தகராறு செய்வதுண்டு. ஒரு சேர்வரிடம் ஆர்.எஸ்.ஏ., எட்25519 எனப் பல வகைச் சாவிகள் இருக்கும். கோப்பில் ஒரு வகை பதிந்திருக்க, பில்ட் மென்பொருளின் உள்ளே இருக்கும் நூலகம் வேறு வகையைக் கேட்கலாம். சேர்வரின் எல்லா வகைச் சாவிகளையும் பதிந்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

இவை அனைத்தும் ‘தெரியாதவர்’ என்ற வகையைச் சேர்ந்தவை. ‘தெரிந்தவர் மாறிவிட்டார்’ என்பது வேறு வகை. அப்போது எஸ்.எஸ்.எச். பெரிய எழுத்துகளில், தொலைக் கணினியின் அடையாளம் மாறியுள்ளது, யாரோ தகாத செயலில் ஈடுபட்டிருக்கக்கூடும் என்று எச்சரிக்கும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் தகாத செயல் எதுவும் நடந்திராது. சேர்வரில் இயங்குதளம் மீள நிறுவப்பட்டிருக்கும். அல்லது வாடகைக் கணினியொன்று கைவிடப்பட்டு, அதன் எண் முகவரி வேறொரு கணினிக்கு வழங்கப்பட்டிருக்கும். அல்லது ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு சேர்வர்கள் மாறி மாறி விடையளிக்க, இரண்டும் வெவ்வேறு சாவிகளை வைத்திருக்கும். இந்த மூன்றாவது வகையில் பிழை ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. ஆகவே காரணத்தைக் கண்டறிய நாட்கணக்கில் செல்லலாம். பெரும்பாலான நாட்களில் எச்சரிக்கை வெறும் எச்சரிக்கையாகவே முடிவதால், அதனை மதியாமல் விடும் பழக்கம் உருவாகின்றது. உண்மையிலேயே தகாத செயல் நடக்கும் நாளிலும் செய்தியின் வாசகம் இதேதான் என்பதை மறந்துவிடலாகாது.

2023 மார்ச் 24 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, இலங்கை நேரப்படி முற்பகல் 10.30 மணியளவில், உலகெங்கும் இவ்வெச்சரிக்கை ஒரே சமயத்தில் தோன்றத் தொடங்கியது. மூல நிரல்களின் மிகப் பெரிய களஞ்சியமாகிய கிட்ஹப், தனது ஆர்.எஸ்.ஏ. அடையாளச் சாவியை மாற்றியமையே அதற்குக் காரணம். அச்சாவியின் இரகசியப் பகுதி பொதுக் களஞ்சியமொன்றில் சிறிது நேரம் தவறுதலாக வெளிப்பட்டிருந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. எவரும் அதனைத் தவறாகப் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை, முன்னெச்சரிக்கையாகவே மாற்றுகின்றோம் என்றும் விளக்கியது. பழைய ஆர்.எஸ்.ஏ. சாவியை நம்பியிருந்த பில்ட் சேர்வர்கள் எந்நாட்டில் இருந்தாலும் நின்றுபோயின. மற்றைய வகைச் சாவிகளைப் பதிந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

இச்சம்பவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்று சரியாக நடந்துகொள்வது கடினமான காரியமாக இருக்கவில்லை. புதிய விரலடையாளத்தைக் கிட்ஹப் தனது இணையத்தளத்தில் வெளியிட்டிருந்தது. அதனையும் சேர்வர் காட்டியதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, ஒத்திருந்தால் பழைய வரியை நீக்கிப் புதியதை எழுதுவது பத்து நிமிட வேலை. ஒப்பிடாமலே பழைய வரியை அழித்துவிட்டு, காட்டப்பட்டதை அப்படியே ஏற்றுக்கொண்டவரின் சேர்வரும் பத்து நிமிடத்தில் இயங்கத்தான் செய்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இருவருக்கும் வேறுபாடு தெரியாது. அன்றைய தினம் யாரேனும் இடையில் புகுந்து தமது சாவியைக் காட்டியிருந்தால் மட்டுமே வேறுபாடு தெரிந்திருக்கும். அத்தோடு, எச்சரிக்கையே வராமற் போனவரின் நிலைமையும் கவனிக்கத்தக்கது. சோதனையை அணைத்து வைத்திருந்தவருக்கு அன்று எந்தத் தடங்கலும் ஏற்பட்டிராது. தடங்கல் இல்லாததையே அவர் தமது முறையின் வெற்றியாகவும் எண்ணியிருப்பார்.

ஜென்கின்ஸ் பயனாளர்களுக்கு இதற்கு முந்திய ஆண்டிலேயே ஓர் அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. களஞ்சியங்களுடன் தொடர்புகொள்ளப் பயன்படும் அதன் ‘கிட் கிளையண்ட்’ இணைப்பு மென்பொருள், எதிர்முனையின் அடையாளச் சாவியைச் சரிபார்ப்பதே இல்லை என்பது 2022 ஜூலை மாதப் பாதுகாப்பு அறிவித்தலில் வெளிப்படுத்தப்பட்டது. அதன் திருத்திய பதிப்பு சரிபார்க்கத் தொடங்கியதும், அதுவரை ஒழுங்காக ஓடிய வேலைகள் தோல்வியுறலாயின. நேற்றுவரை வேலை செய்தது, இன்று புதிய பதிப்பு கெடுத்துவிட்டது என்று கருதுவது எளிது. நேற்றுவரை கதவு திறந்து கிடந்தது என்பதே உண்மை. இணைப்பு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் பல தெரிவுகள் தரப்பட்டுள்ளன. அறிமுகக் கோப்பைப் பார்த்தல், நிர்வாகி கையால் எழுதிய சாவியைப் பார்த்தல், முதலிற் கண்டதை ஏற்றல், எதையும் பாராமல் விடுதல் என்பனவே அவை. இறுதித் தெரிவை எவர் தேர்ந்தெடுத்தாலும் பில்ட் பச்சை விளக்குக் காட்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழுப்பப்படுவதுண்டு. பில்ட் சேர்வர் கடவுச்சொல் எதையும் அனுப்புவதில்லையே, தனது சாவியால் ஒப்பமிட்டுத்தானே நுழைகின்றது, போலியான சேர்வர் அதனைத் திருடி வேறிடத்தில் பயன்படுத்த முடியாதே என்பர். அது உண்மைதான். ஆனால் போலிக்கு அந்தச் சாவி தேவையே இல்லை. யார் எந்தச் சாவியைக் கொண்டு வந்தாலும், ‘வாருங்கள்’ என்று உள்ளே அழைத்து, தான் தயாரித்து வைத்திருக்கும் நிரலை இதுவே உங்கள் மூல நிரல் என்று கொடுத்துவிட்டால் போதும். பில்ட் சேர்வர் அதனை இணைத்து, பரிசோதித்து, நிறுவனத்தின் முத்திரையிட்டு அனுப்பிவிடும். எதிர்த்திசையில், முடித்த மென்பொருளை அதன் அமைப்புக் கோப்புகளுடனும் தரவுத்தளக் கடவுச்சொற்களுடனும் போலிச் சேர்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடவும் கூடும். கடவுச்சொல் இல்லை என்பதால் களவு இல்லை என்றாகாது.

சோதனையை நிறுத்தும் ‘ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் நோ’ என்ற கட்டளையை நாம் இதுவரை சாடினோம். அதனைவிட நாசூக்கான ஒரு தவறும் வழக்கில் உள்ளது. ஒவ்வொரு பில்ட் ஆரம்பமாகும்போதும் ‘எஸ்.எஸ்.எச். கீஸ்கேன்’ என்ற கருவியை ஏவி, எதிர்முனையின் சாவியைக் கேட்டு வாங்கி, அதனை அறிமுகக் கோப்பில் எழுதி, அக்கோப்பை வைத்தே அடுத்த கணம் சரிபார்ப்பது. பார்ப்பவருக்குச் சோதனை நடப்பது போலவே தோன்றும். உண்மையில், வாசலில் நிற்பவரிடம் ‘நீர் யார்?’ என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, அந்த எழுத்தையே அவருக்குச் சாட்சியாக ஏற்பதற்கு ஒப்பானது இது. 2021 பெப்ரவரியில் நிகழ்ந்தது போன்று பெயர்ப் பதிவேடு திசைதிருப்பப்பட்ட காலையில் இவ்வாறான பில்ட் ஒன்று ஓடுமாயின், போலியின் சாவியைத் தானே பதிந்து, தானே சரிபார்த்து, வெற்றி என்று அறிக்கையிடும். முன்கூட்டியே சாவியைப் பதிந்து வைத்திருந்த பில்ட்டோ அக்கணமே நின்றிருக்கும். பெயர் எந்த இடத்தைச் சுட்டினாலும் அதற்குக் கவலையில்லை. அது நம்புவது பெயரை அல்ல, தான் ஏற்கெனவே அறிந்த சாவியை.

கீஸ்கேன் தீய கருவி அன்று. ஒருமுறை அதனைக் கொண்டு சாவியைப் பெற்று, விரலடையாளத்தை வேறொரு வழியால் உறுதிசெய்து, பின்னர் பதிந்து வைப்பது முறையான பயன்பாடு. வேறொரு வழி என்பதே இங்கு முக்கியம். சொந்தச் சேர்வராயின் அதன் முன்னால் அமர்ந்து, அல்லது வாடகைக்கு வழங்கிய நிறுவனம் தரும் நேரடித் திரையில், விரலடையாளத்தைப் பார்க்கலாம். பிறர் நடத்தும் சேவையாயின் அவர்கள் வெளியிட்ட பக்கத்தைப் பார்க்கலாம். சேர்வரைப் பராமரிப்பவர் வேறு ஊரில் இருந்தால் தொலைபேசியில் அழைத்து வாசிக்கச் சொல்லலாம். 2019 இல் வெளியான ஓபன் எஸ்.எஸ்.எச். 8.0 பதிப்பு முதல், ‘தொடரலாமா?’ என்ற வினாவுக்கு ஆம் என்பதற்குப் பதிலாக, வேறு வழியாகப் பெற்ற விரலடையாளத்தையே விடையாக எழுத இயலும். ஒத்திருந்தால் மட்டும் தொடரும். கண்ணின் சோர்வை நம்பாமல் இயந்திரத்தையே ஒப்பிடச் செய்யும் இவ்வசதி பலருக்கும் தெரியாதிருப்பது வியப்பளிக்கின்றது.

இடைநிலையான ஓர் ஏற்பாடு 2017 முதல் உள்ளது. முன்பு காணாதவரை ஏற்றுக்கொள், ஆனால் அறிந்தவர் மாறினால் மறு என்பதே அது. நிலையான ஒரு கணினியில் இது முற்றாக அணைத்துவிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆயினும் ஒவ்வொரு முறையும் அழிந்து பிறக்கும் கொள்கலன்களில் அனைவருமே முன்பு காணாதவர்தான் என்பதால், அங்கு அதனால் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை.

நூற்றுக்கணக்கான சேர்வர்களைக் கொண்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றின் சாவியையும் தனித்தனியே பதிந்துகொண்டிருக்க இயலாது. அவற்றுக்கெனச் சான்றிதழ் முறையொன்று 2010 முதல் ஓபன் எஸ்.எஸ்.எச். மென்பொருளில் உண்டு. நிறுவனம் தனக்கென ஒரு தலைமைச் சாவியை வைத்து, ஒவ்வொரு சேர்வரின் அடையாளச் சாவிக்கும் ஒப்பமிட்டுக் கொடுக்கும். பில்ட் சேர்வர்கள் அந்தத் தலைமைச் சாவி ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் போதும். சேர்வர் மீள நிறுவப்பட்டாலும் புதிய சாவிக்கு மீண்டும் ஒப்பமிடப்படுமே தவிர, எச்சரிக்கை தோன்றாது. தலைமைச் சாவியை மட்டும் உயிரைப்போல் காக்க வேண்டும். விரலடையாளத்தை இணையப் பெயர்ப் பதிவேட்டிலேயே வெளியிடும் முறையும் இருக்கின்றது. அப்பதிவேடு ஒப்பமிட்டுப் பாதுகாக்கப்பட்டிராவிட்டால், பெயரைத் திருப்புபவர் விரலடையாளத்தையும் சேர்த்தே திருப்பிவிடுவார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்விடயத்தில் பொறுப்பு முழுவதையும் கனிஷ்ட ஊழியரின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் காலை வாடிக்கையாளருக்குப் பதிப்பை ஒப்படைக்க வேண்டிய நிலையில், பில்ட் நின்றுபோய்விட்டது. தனது வீட்டில் இத்தொழிலுக்கு வந்த முதல் ஆளாகிய இளைஞர் ஒருவர், விரலடையாளத்தை உறுதிசெய்ய யாரை அழைப்பதென்று அறியாமல் திகைக்கின்றார். சேர்வரைப் பராமரிப்பவரின் தொலைபேசி இலக்கமும் அவரிடம் இல்லை, உண்மையான விரலடையாளம் எங்கும் எழுதியும் வைக்கப்படவில்லை. இந்நிலையில் அவர் சோதனையை அணைத்தால், அதற்கான வழியைத் திறந்து வைத்தது நிறுவனமே. சாவி மாறப்போவதை முன்கூட்டியே அறிவிக்காத நிர்வாகியும், அணைத்துவிடு என்று கற்பித்த மூத்தவரும் அதில் பங்காளிகள். தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் எஸ்.எஸ்.எச். கட்டளைகளைக் கற்பிக்கும்போது, ‘ஆம் என்று எழுதுங்கள்’ எனக் கூறிக் கடந்துவிடாமல், அவ்வினா எதனைக் கேட்கின்றது என்பதைத் தமிழில் ஒருமுறை விளக்கினால், பாடத்தின் நேரம் அரை மணிக்கு மேல் செலவாகாது.

நான்கைந்து சேர்வர்கள் மட்டுமே உள்ள சிறிய அலுவலகத்துக்குச் சான்றிதழ் முறையோ பெரிய ஏற்பாடோ தேவையில்லை. ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அது அழைக்கப்படும் எல்லாப் பெயர்களையும், எண் முகவரியையும், வாயில் இலக்கத்தையும், சாவி வகை ஒவ்வொன்றின் விரலடையாளத்தையும், அதனைச் சேர்வரின் முன்னால் இருந்து பார்த்து எழுதியவரின் பெயரையும் திகதியையும் குறித்து வைக்கலாம். சேர்வரை மீள நிறுவுபவர், நிறுவிய அன்றே பழைய வரியை வெட்டிப் புதியதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரவில் எச்சரிக்கை தோன்றினால் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தையே. ஒத்திருந்தால் அறிமுகக் கோப்பைத் திருத்திவிட்டு வேலையைத் தொடரலாம். ஒத்திராவிட்டால், எவ்வளவு அவசரமாயினும், கடைசியாகக் கையொப்பமிட்டவரைத் தொலைபேசியில் எழுப்புவது தவிர வேறு வழியில்லை. அக்கொப்பியைப் பூட்டி வைக்க வேண்டிய அவசியமும் கிடையாது. பொதுச்சாவியின் விரலடையாளம் இரகசியம் அன்று. அதனை எவரும் பார்க்கலாம். கையொப்பமின்றி எவரும் மாற்றி எழுதிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதுமானது.